சைட்டோகைன் பரிசோதனை எடுத்தால் பையனுக்குப் புரதம் போவது முன்கூட்டியே தெரியுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். ஐந்து வயதுப் பையன். யூரினில் புரதம் கொட்டி உடம்பு வீங்கும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் என்று தெரியவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது மூன்றாவது ரிலாப்ஸ், அதாவது அடங்கிய நோய் மூன்றாவது முறையாகத் திரும்பியிருக்கிறது. “உடம்புக்குள்ள போற சிக்னல் கோளாறாயிடுச்சு, சைட்டோகைன்னு சொல்வோம்” என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாராம். வீட்டுக்கு வந்து செல்பேசியில் தேடியபோது, சில ஆயிரம் ரூபாய்க்கு ‘சைட்டோகைன் பேனல்’ எடுத்துத் தருகிறோம் என்று ஒரு ஆய்வக விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. எடுக்கலாமா, எடுத்தால் அடுத்த ரிலாப்ஸ் முன்கூட்டியே தெரியுமா, அந்த சிக்னலை நிறுத்த மருந்து உண்டா என்பது கேள்வி. சளி பிடித்தால் ரிலாப்ஸ் வருகிறதே என்றும் எழுதியிருக்கிறார். கடைசியில் இன்னொன்று: தன் அம்மாவுக்கும் சர்க்கரை நோயால் யூரினில் புரதம் போகிறது, அதுவும் இதுவும் ஒன்றுதானா, பரம்பரையா?

பரிசோதனையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். என் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும் அந்தக் கெட்டது எது, அதைப் பிடித்துக் கண்ணால் காட்ட முடியுமா, அதை மட்டும் அடக்க முடியுமா? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி. நான் மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவர் இல்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 23 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் ஏறக்குறைய பத்து வருடம் நெஃப்ரோட்டிக் குழந்தைகளின் ரத்தத்திலும் யூரினிலும் இதே சைட்டோகைன்களைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அதனால் ஒரு பொருளை அளப்பது பற்றி நான் சொல்வதை நம்பலாம். மாத்திரையின் அளவு என்று வந்துவிட்டால் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் செல்லும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டி முடிச்சுகள் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 180 லிட்டர் வடிக்கும். ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு மூன்றரையிலிருந்து ஐந்து கிராம் வரை ஆல்புமின் என்ற புரதம் மிதக்கிறது. இத்தனை லிட்டர் வடித்த பிறகும் ஆரோக்கியமான ஒருவரின் யூரினில் ஒரு நாளைக்குத் தப்பிப்போகும் ஆல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டாது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் மூன்றரை கிராமுக்கு மேல் புரதம் போனால் அதை நெஃப்ரோட்டிக் அளவு என்கிறார்கள். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வடிகட்டியின் வெளிப்பக்கத்தில் போடோசைட் என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கால்களை நீட்டி, சின்னஞ்சிறு ரத்தக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்தடுத்த செல்களின் கால்விரல்கள் கோத்துக் கிடக்க, அவற்றுக்கு நடுவில் 40 நானோமீட்டர் அளவுக்கு ஒரு இடுக்கு. அந்த இடுக்கில் நெஃப்ரின் என்ற புரதத்தால் பின்னிய மெல்லிய திரை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனால் மணலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த மீனைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை வலைக்கண்தான் முடிவுசெய்யும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் நைலான் நூலுக்கு உயிர் கிடையாது. நெஃப்ரினுக்கு ஒரு வால் உண்டு. அது செல்லுக்குள் நீண்டிருக்கிறது. அந்த வாலில் பாஸ்பேட் ஒட்டுவதைப் பொறுத்து, காலுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் மாற்றியமைகின்றன. வலையே சேதி கேட்கிறது, சேதி சொல்லவும் செய்கிறது. நெஃப்ரினைக் கண்டுபிடித்தது 1998-ல், பிறந்த உடனேயே புரதம் கொட்டும் பின்லாந்துக் குழந்தைகளை ஆராய்ந்தபோது. அவர்களுக்கு அந்த மரபணுவிலேயே பிழை.

உங்கள் பையன் வயதில் வரும் நோய் பெரும்பாலும் அந்த வகை இல்லை. ‘மினிமல் சேஞ்ச்’ என்று சொல்லும் வகை. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுநீரகம் கிட்டத்தட்ட நன்றாகவே தெரியும், பெயரும் அதனால்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டும் அந்தக் கால்விரல்களைக் காணோம். தோசைக்கல்லில் தேய்த்த மாவு மாதிரி தட்டையாகப் பரவிக் கிடக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு நாலு வாரத்துக்குள் புரதம் நின்றுவிடுகிறது, கால்களும் திரும்ப முளைத்த மாதிரி வந்துவிடுகின்றன. இடிந்த சுவர் நாலு வாரத்தில் தானாக எழும்பாது. மடக்கிய கால்தான் நீளும். அதனால்தான் இது காயம் இல்லை, யாரோ அந்தச் செல்லுக்குத் தப்பான சேதி அனுப்புகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சந்தேகத்தை முதலில் தெளிவாக எழுதியவர் ஷல்ஹூப். 1974-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அவரிடம் புதிய பரிசோதனை எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த நாலு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். வடிகட்டியில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் எதிர்ப்புப் புரதம், படிந்த தடம் எதுவும் இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டுக்கும் சைக்ளோபாஸ்பமைடுக்கும் நோய் கட்டுப்படுகிறது. நிணநீர்ச் செல்களில் வரும் ஹாட்ஜ்கின் புற்றுநோய் உள்ளவர்கள் சிலருக்கு இது கூடவே வருகிறது. தட்டம்மை வந்தால் இது அடங்கிவிடுகிறது. கடைசியாகச் சொன்னது உண்மைதான். ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால், 1940-களில், இந்தக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே தட்டம்மை வரவைத்துப் பார்த்த மருத்துவர்கள் இருந்தார்கள். (யாரும் இப்போது செய்து பார்க்காதீர்கள், புரதம் இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்குத் தட்டம்மை உயிருக்கே ஆபத்து.) தட்டம்மை, டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைச் சோர்வடையச் செய்யும். ஆகவே டி-செல்கள் எதையோ சுரக்கின்றன, அது ரத்தத்தில் வந்து வடிகட்டியைக் கெடுக்கிறது என்றார் ஷல்ஹூப்.

ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்ற அளவில் இதை நான் உறுதியான பக்கத்தில் வைப்பேன். காரணம் மாற்று அறுவை சிகிச்சை. இந்த நோயின் கடுமையான உறவுக்கார வகை ஒன்று உண்டு, வடிகட்டியில் ஆங்காங்கே தழும்பு விழும், எஃப்எஸ்ஜிஎஸ் என்பார்கள். அது உள்ள சிலருக்குப் புதுச் சிறுநீரகம் வைத்தால், வைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ அதிலும் புரதம் கொட்ட ஆரம்பித்துவிடும். 2012-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஒரு நிகழ்வு இன்னும் ஒரு படி மேலே. தங்கை கொடுத்த சிறுநீரகம் அண்ணன் உடம்பில் உடனே ஒழுக ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் அதை எடுத்து, சர்க்கரை நோயால் சிறுநீரகம் இழந்த வேறொருவருக்கு வைத்தார்கள். அங்கே ஒழுகல் நின்றது, தட்டையான கால்களும் நிமிர்ந்தன. சிறுநீரகம் அதேதான், மாறியது ஓடிய ரத்தம் மட்டும்.

சரி, அந்தப் பொருள் எது? இங்கேதான் ஐம்பது வருடக் கதை தடுமாறுகிறது. சைட்டோகைன் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வெளியே விடும் சின்னப் புரதங்கள் எல்லாமே சைட்டோகைன்தான். இன்டர்லூக்கின்கள், டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் என்று நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் நெஃப்ரோட்டிக் விஷயத்தில் பலமாக அடிபட்ட பெயர் இன்டர்லூக்கின்-13. ஒவ்வாமைக்காரர்களிடம் கூடுதலாக ஓடுவது. மூச்சிழைப்பும் தோல் அரிப்பும் உள்ள குழந்தைகளுக்கு நெஃப்ரோட்டிக் சற்று அதிகம் வருவது ஏற்கெனவே தெரிந்ததால் கதை நன்றாகப் பொருந்தியது. 1999-ல் சிங்கப்பூர்க் குழு ஒன்று, ரிலாப்ஸில் இருக்கும் குழந்தைகளின் டி-செல்களில் இந்த மரபணு அதிகமாக வேலை செய்வதைக் காட்டியது. 2007-ல் அதே ஊர்க்காரர்கள் எலிகளில் இன்டர்லூக்கின்-13-ஐ அதிகம் சுரக்க வைத்தார்கள். அவற்றின் யூரினில் புரதம் இறங்கியது, போடோசைட் கால்கள் தட்டையாயின, மனிதக் குழந்தையின் நோயைப் போலவே. இன்றுவரை ஒரு தனிச் சைட்டோகைனுக்குக் கிடைத்த நல்ல சாட்சி அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எலிக்கு ஏற்றியது இயல்பாக இல்லாத ஒரு வெள்ளம். குழந்தைகளின் ரத்தத்தில் அளந்தபோது சில இடங்களில் அதிகம் இருந்தது, சில இடங்களில் வித்தியாசமே இல்லை.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போடோசைட்டின் மேல் சிடி80 என்ற புரதம் முளைக்கிறது, அதை அபாடாசெப்ட் என்ற ஊசி தடுக்கிறது என்று 2013-ல் ஐந்து நோயாளிகளை வைத்துப் பெரிய செய்தி வந்தது. பிறகு செய்தவர்கள் பலருக்கு அது பலிக்கவில்லை. 2011-ல் சூபார் என்ற மூலக்கூறுதான் எஃப்எஸ்ஜிஎஸ் குற்றவாளி என்றார்கள். சிறுநீரகம் மந்தமான எல்லோருக்குமே அது ஏறுகிறது என்று பின்னால் தெரிந்தது. இன்டர்லூக்கின்-6 குடும்பத்தைச் சேர்ந்த கார்டியோட்ரோபின் போன்ற ஒரு மூலக்கூறு இன்னும் பட்டியலில் இருக்கிறது. டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசி ஒன்றிரண்டு நோயாளிகளுக்கு அற்புதம் செய்ததாக எழுதினார்கள், முறையாகச் சோதித்தபோது அந்த அற்புதம் காணாமல்போனது. இவை எதுவுமே பொய்யான ஆராய்ச்சி இல்லை. ஒரே பெயருக்குக் கீழே நாலைந்து வேறு வேறு நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் ஒன்றைத் தொட்டார், இன்னொருவர் இன்னொன்றைத் தொட்டார்.

இனி உங்கள் பேனலுக்கு வருவோம். நாங்கள் அளக்கும்போது 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் நீர். கழுவி, அடுத்ததை ஊற்றி, திரும்பக் கழுவி, கடைசியில் ஒரு திரவம் விட்டால் சைட்டோகைன் இருக்கும் குழி நீலமாகும். அமிலம் சேர்த்தவுடன் அந்த நீலம் மஞ்சளாக மாறும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சைட்டோகைன். பார்க்க அழகான வேலை. ஆனால் அளப்பது பிக்கோகிராமில், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பல சைட்டோகைன்கள் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஒரு செல் விடும், பக்கத்துச் செல் எடுத்துக்கொள்ளும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை நடக்கும் மீன் ஏலத்தை பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்பது போலத்தான், கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் இதை அளப்பது. ஏதோ சத்தம் வரும். எந்த மீன் என்ன விலைக்குப் போனது என்று சொல்ல முடியாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது நினைவிருக்கும். எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரியில் நாலு வருடமாகச் சேர்த்த சீரம் இருந்தது. மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்துவிட்டது. விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஃபிரீசர் கதவின் அடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சின்னக் குழாய்களை எடுத்து ஆட்டினால் உள்ளே தண்ணியாக ஆடுகிறது. எழுதி ஒட்டிய எண்கள் நனைந்து உரிந்து மிதந்தன. தூக்கிப்போட மனசு வரவில்லை. முன்பே அளந்து குறித்து வைத்திருந்த சிலவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். டிஎன்எஃப் பல குழாய்களில் பாதியாக இறங்கியிருந்தது. இன்னொரு சைட்டோகைன் ஒன்றுமே நடக்காதது போல அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது, நோயைப் பற்றிய எண் என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்ததில் எவ்வளவு ஃபிரீசரைப் பற்றிய எண் என்று. கடலூரில் உங்கள் பையனிடம் எடுக்கும் ரத்தம் சென்னைக்கோ மும்பைக்கோ போய்த்தான் அளக்கப்படும். ரத்தத்தை எடுத்து செல்களைப் பிரிக்காமல் சில மணி நேரம் வைத்திருந்தாலே அந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-8-ஐக் குழாய்க்குள்ளேயே விட ஆரம்பித்துவிடும். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் ‘அதிகம்’ என்று வரும். நீங்கள் ராத்திரி தூங்க மாட்டீர்கள்.

நன்றாகப் பாதுகாத்த மாதிரிகளிலும் எங்களுக்கு வந்த முடிவு அப்படி ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. ரிலாப்ஸில் இருக்கும் குழந்தைகளின் சராசரி சற்று மேலே, நன்றாக இருப்பவர்களின் சராசரி சற்றுக் கீழே. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். நல்ல நிலையில், வீக்கமே இல்லாமல், வெளியே மரத்தடியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தைக்குத்தான் அந்த வருடத்தின் மிக அதிகமான அளவு வந்தது. விசாரித்தால் முதல் நாள் சளி. சராசரியை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம். ஒரு குழந்தைக்கு ரிலாப்ஸ் வருமா வராதா என்று சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பேனல் வேண்டாம் என்பதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

சமீபத்தில் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2022-லும், இன்னும் பெரிய அளவில் 2024-லும் வந்த ஆய்வுகள், இந்த நோயாளிகளில் பலரின் ரத்தத்தில் நெஃப்ரினையே தாக்கும் ஆன்டிபாடி இருப்பதைக் காட்டின. 2024 ஆய்வில் மினிமல் சேஞ்ச் உள்ள பெரியவர்களில் 44 சதவீதம் பேரிடமும், நெஃப்ரோட்டிக் குழந்தைகளில் 52 சதவீதம் பேரிடமும் இருந்தது. நோய் முழு வேகத்தில் இருந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் எடுக்காத குழந்தைகளை மட்டும் பார்த்தால் 90 சதவீதம். நோய் அடங்கும்போது ஆன்டிபாடியும் இறங்குகிறது. எலிகளில் நெஃப்ரினுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கியபோது அவற்றுக்கும் அதே நோய். ஆன்டிபாடி தடமே இல்லை என்று 1974-ல் ஷல்ஹூப் வைத்த முதல் சான்று, கையில் அன்று இருந்த கருவிகளின் வரம்பாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி பி-செல்களை அழிப்பது. அடிக்கடி ரிலாப்ஸ் ஆகும் குழந்தைகளுக்கு அது பலன் தருவதை ஜப்பானியர்கள் 2014-ல் காட்டியபோது, டி-செல் கதையை நம்பியிருந்த எங்களுக்கு விளங்கவேயில்லை. ஆன்டிபாடியைத் தயாரிப்பது பி-செல்களின் வம்சம்தான் என்று யோசித்தால் இப்போது விளங்குகிறது.

அப்படியானால் சைட்டோகைன் கதை முடிந்ததா? இல்லை. ஆன்டிபாடி இல்லாமலும் நோய் வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். இருப்பவர்களிலும், பி-செல்லைத் தட்டியெழுப்பி ‘இந்த ஆன்டிபாடியைச் செய்’ என்று சொல்வதே டி-செல்களின் சைட்டோகைன்கள்தான். நேரடிக் குற்றவாளியாக நினைத்தவர் தூண்டிவிட்டவராக மாறியிருக்கலாம். இது என் ஊகம் கலந்த வாசிப்பு, முடிந்த தீர்ப்பு இல்லை. நெஃப்ரின் ஆன்டிபாடிப் பரிசோதனையை எங்கே எடுக்கலாம் என்று உடனே தேட ஆரம்பித்துவிடாதீர்கள். ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் ஒரு குழந்தைக்கு அந்த முடிவு எப்படி வந்தாலும் இன்றைய மருந்து மாறாது.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. மருந்து வேலை செய்கிறது, ஆகவே காரணம் இதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சைக்ளோஸ்போரின் டி-செல்லை அடக்கும் மருந்து, அதற்கு நெஃப்ரோட்டிக் கேட்கிறது, ஆகவே டி-செல் நோய் என்று நாங்களே பாடம் நடத்தியிருக்கிறோம். 2008-ல் வந்த ஒரு ஆய்வு அந்த மருந்து போடோசைட்டுக்குள்ளேயே நேரே போய், காலைத் தாங்கும் சினாப்டோபோடின் என்ற புரதம் சிதையாமல் காப்பதைக் காட்டியது. ஸ்டீராய்டும் போடோசைட்டை நேரடியாகத் தொடுகிறது. சேதி அனுப்புபவரை அடக்கியதா, சேதியை வாங்குபவருக்குத் தெம்பு கொடுத்ததா, இரண்டுமா என்று பிரிக்க முடியாது.

சளி பிடித்தால் ரிலாப்ஸ் வருகிறதே என்றும் எழுதியிருந்தீர்கள். அது உங்கள் கற்பனை இல்லை, இந்தக் குழந்தைகளுக்கு ரிலாப்ஸ் வருவதற்கு முன் சளி, இருமல், காய்ச்சல் இருப்பது மிகச் சாதாரணம். வைரஸ் வந்தவுடன் சைட்டோகைன்கள் ஊரெல்லாம் தண்டோரா போடுகின்றன, அடங்கியிருந்தது விழித்துக்கொள்கிறது என்பது நியாயமான விளக்கம். ஆனால் அதைத் தடுக்க, சளி வந்த நாட்களில் ஸ்டீராய்டைத் தினமும் கொடுக்கலாமா என்பதில் இரண்டு நல்ல ஆய்வுகள் எதிரெதிராக நிற்கின்றன. 2011-ல் டெல்லியில், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரையில் இருந்த குழந்தைகளுக்குச் செய்தபோது ரிலாப்ஸ் குறைந்தது. 2022-ல் பிரிட்டனில் செய்த பெரிய ஆய்வில் பலன் இல்லை. உங்கள் பையன் எந்தக் கூட்டத்தோடு ஒத்துப்போகிறான் என்பதை அவன் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நீங்களாக அரை மாத்திரை கூட்டிக்கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், வீக்கம் வடிந்துவிட்டது, மூக்கிரட்டைக் கீரை போதும் என்று யாராவது சொல்வதைக் கேட்டு ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் மாத்திரை எடுத்த உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் குழந்தை சுருண்டுவிடும்.

அம்மாவின் விஷயம். அதுவும் இதுவும் ஒன்று இல்லை. பாட்டியின் சர்க்கரை நோயிலிருந்து பேரனுக்கு ஸ்டீராய்டுக்குக் கேட்கும் நெஃப்ரோட்டிக் வருவதில்லை. அந்தப் பாரத்தை அவர் மேல் ஏற்ற வேண்டாம். யூரினில் புரதம் என்ற வாசல் ஒன்று, வந்த வழி வேறு. சர்க்கரை நோயில் பல வருடங்களாக அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து வடிகட்டியை வதைக்கின்றன, போடோசைட்டுகள் கழன்று யூரினோடு போய்விடுகின்றன. போன போடோசைட் திரும்ப வராது. இங்கே சிக்னல் மூலக்கூறுகளின் வேலை தழும்பு போடுவது. கசிந்த புரதத்தைத் திரும்ப உறிஞ்சும் குழாய்ச் செல்கள் திணறிப்போய் எம்சிபி-1 என்ற சைட்டோகைனை விடுகின்றன. அது கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைக் கூப்பிடுகிறது. அவையும் சேர்ந்து டிஜிஎஃப்-பீட்டா என்ற மூலக்கூறைக் கொட்டுகின்றன. அது நார்த் திசுவைப் பின்னிக்கொண்டே போகிறது. இந்தச் சங்கிலி விலங்குகளிலும் மனிதத் திசுவிலும் நன்றாகக் காட்டப்பட்ட ஒன்று. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுக்கும் ஊசியைக் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை என்று ஆய்வையே நிறுத்தினார்கள்.

சிக்னலைத் தடுக்க மருந்து உண்டா என்று கேட்டீர்களே, உண்டு. அம்மாவே தினமும் அதை விழுங்கிக்கொண்டிருக்கலாம். ஆஞ்சியோடென்சின் என்பதும் சிக்னல் மூலக்கூறுதான். வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயை இறுக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றுவது, டிஜிஎஃப்-பீட்டாவையும் தூண்டுவது. எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் எல்லாம் அதைத் தடுப்பவை. சர்க்கரை நோய்ச் சிறுநீரகத்தை இந்த வழியில் மெதுவாக்கலாம் என்று 1993-லேயே கேப்டோப்ரிலை வைத்துக் காட்டிவிட்டார்கள். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சேதியைத் தடுக்கும் ஃபினரெனோன் 2020-ல் அதோடு சேர்ந்தது. பெயரில் சைட்டோகைன் இல்லாததால் யாரும் விளம்பரம் போடுவதில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சிக்னலையும் தடுத்துவிடலாம் என்றும் இல்லை. போடோசைட்டே விஇஜிஎஃப் என்ற ஒரு மூலக்கூறைச் சுரந்து பக்கத்து ரத்தக்குழாயை உயிரோடு வைத்திருக்கிறது. புற்றுநோய்க்காக அதைத் தடுக்கும் பெவாசிஸுமாப் கொடுத்த சிலருக்கு யூரினில் புரதம் இறங்கியது.

பேனலுக்கு எடுத்துவைத்த பணத்தில் யூரின் ஸ்டிரிப் வாங்குங்கள், யூரினில் நனைத்தால் நிறம் மாறி, புரதத்தின் அளவை ட்ரேஸ் (லேசான தடம்), ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று காட்டும் பட்டை அது. காலையில் முதல் யூரின், தினமும் ஒரே நேரம், ஒரு நோட்டில் தேதியும் பிளஸ் எண்ணிக்கையும், கூடவே சளி காய்ச்சல் இருந்ததா என்று ஒரு வார்த்தை. மூன்று பிளஸோ அதற்கு மேலோ தொடர்ந்து மூன்று நாள் வந்தால் ரிலாப்ஸ். இல்லை அல்லது ட்ரேஸ் என்று மூன்று நாள் வந்தால் அடங்கிவிட்டது என்று கணக்கு. முகம் வீங்குவதற்குப் பல நாள் முன்பே ஸ்டிரிப் சொல்லிவிடும், எந்தச் சைட்டோகைனாலும் இன்றைக்கு முடியாத வேலை அது. சாப்பாட்டில் புரதத்தை அள்ளிக்கொட்ட வேண்டியதில்லை, வயதுக்கு ஏற்றது போதும். வீக்கம் இருக்கும் நாட்களில் கருவாடு, அப்பளம், ஊறுகாய் மட்டும் தட்டுக்கு வரக்கூடாது. காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, யூரின் மிகவும் குறைந்தாலோ மறுநாள் ஓபிக்காகக் காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள். இவர்களுக்கு யூரினோடு எதிர்ப்புப் புரதங்களும், ரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்களும் போய்விடுவதால் கிருமித் தொற்றும், ரத்தம் உறையும் தொல்லையும் சட்டென்று வரும். தடுப்பூசிகளை, முக்கியமாக நிமோனியாவுக்கானதை, மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி ஊசிகளை அதிக ஸ்டீராய்டு ஓடும்போது போடக்கூடாது என்பதால் அவர் நாள் குறித்துக்கொடுப்பார்.

ஸ்டிரிப் தீர்ந்து, மறுநாள்தான் கடை திறக்கும் என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது. சோதனைக் குழாயில் முக்கால்வாசி யூரின். குழாயைச் சாய்த்துப் பிடித்து மேல்பகுதியை மட்டும் ஸ்டவ் சுடரில் காட்டுங்கள், வாய்ப்பக்கம் யார் முகத்தையும் பார்க்காமல். மேலே வெள்ளையாகக் கலங்கினால் நாலைந்து சொட்டு வினிகர் விடுங்கள். கலங்கல் கரைந்துவிட்டால் அது பாஸ்பேட், பயமில்லை. கரையாமல் நின்றால் புரதம். கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.